ஈடு வைக்க எந்த நிலம்? திருப்போரூரிலிருந்து வெளிநாட்டு மேல்படிப்பு

திருப்போரூர் வட்டாரத்தில் ஒரு மாணவர் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போவாரா மாட்டாரா என்பதை, அவர் ஜிஆர்இ தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணைவிட அவருடைய குடும்பத்தின் நிலப்பத்திரமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. நிலம் இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த வகை நிலம், யார் பெயரில் பட்டா, தாத்தா காலத்து மூலப்பத்திரம் கையில் உண்டா, அத்தைகள் கையெழுத்துப் போடுவார்களா என்று அந்தக் கேள்வி கிளைத்துக்கொண்டே போகும். கல்விக்கடனைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. வட்டி விகிதம், விண்ணப்பிக்கும் முறை, கடைசித் தேதி எல்லாம் வருகின்றன. ஈடாக வைக்கும் நிலத்தின் வரலாறு அதில் வருவதேயில்லை. இந்த வட்டாரத்திலோ அந்த வரலாறுதான் கதையின் பெரும்பகுதி.

ஊர் அமைப்பையே பாருங்கள். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் காலவாக்கத்தில் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி, படூரில் இந்துஸ்தான் கல்வி நிறுவனம், கேளம்பாக்கம்–வண்டலூர் சாலையில் விஐடியின் சென்னை வளாகம், தையூரில் சென்னை ஐஐடியின் புதிய வளாகம். நடுவில் சிறுசேரி சிப்காட்டின் மென்பொருள் கட்டடங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏரிப் பாசன வயலும் உப்பளமும் சவுக்குத் தோப்புமாக இருந்த பகுதி இது. இன்று கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் டீக்கடையில் நின்று பேசுவது ஃபால் இன்டேக், ஐ-20, ஃபண்டிங், லோன் சாங்ஷன் பற்றித்தான். அந்தக் கல்லூரிகள் எழுந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர்களுடைய பேரப்பிள்ளைகளும் அவர்களில் சிலர். சாலை அகலமானபோது நிலத்தை விற்றவர்கள், விற்காமல் வைத்திருந்தவர்கள், விற்க உரிமையே இல்லாதவர்கள் என்று மூன்று வகைக் குடும்பங்கள் இங்கே உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் திரட்டும் நாளில் இந்த மூன்று வகையும் மூன்று வெவ்வேறு உலகங்களாகப் பிரிந்துவிடுகின்றன.

முதலில் செலவு. அமெரிக்காவில் பல அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே எம்.எஸ். படிப்புக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டுகின்றன. 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைக் கடந்தது. அந்தக் கணக்கில் ஓராண்டுக்கு 36 லட்சம். இவ்வளவு பணம் இருப்பதற்கான சான்றைக் காட்டினால்தான் பல்கலைக்கழகம் ஐ-20 படிவத்தைத் தரும். அந்தப் படிவம் இருந்தால்தான் எஃப்-1 விசாவுக்கு நேர்காணல். பிரிட்டனில் முதலாண்டுக் கட்டணத்தோடு, லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவையும் காட்ட வேண்டும். சொந்தச் சேமிப்பாக இருந்தால் அந்தத் தொகை 28 நாள் குறையாமல் கணக்கில் கிடக்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிடையாது. ஆனாலும் வாழ்க்கைச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டாக வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் கட்டணமும் வாங்கத் தொடங்கிவிட்டது. கனடா 2024 ஜனவரியில் காட்ட வேண்டிய தொகையை 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 ஆக உயர்த்தியது. பிறகு மேலும் ஏற்றியது. எந்த நாட்டுக்குப் போனாலும் வாசலிலேயே பணத்தை எண்ணிக் காட்ட வேண்டும்.

இந்தப் பணத்தை நம் வங்கிகள் எப்படித் தருகின்றன? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001-இல் வந்தது. அதன் விதிகள் ஓரளவு கல்வி கற்ற எல்லா வீட்டுக்கும் இன்று தெரியும். நாலு லட்சம் வரை ஈடு வேண்டாம். நாலிலிருந்து ஏழரை லட்சம் வரை மூன்றாம் நபரின் ஜாமீன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்தை ஈடு வைக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் செலவில் 15 சதவீதத்தைக் குடும்பம் மார்ஜின் மணியாகத் தன் கையிலிருந்து போட வேண்டும். பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் இந்த 15 சதவீதத்துக்காகத்தான். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கிடையாது. பிறகு 15 ஆண்டு வரை கட்டலாம்.

ஏழரை லட்சம் என்ற அந்த எல்லைக்கோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அசையவில்லை. டாலர் சுமார் 45 ரூபாயாக இருந்த 2004-இல் அந்தத் தொகைக்கு 16,000 டாலருக்கு மேல் கிடைத்தது. அப்போது சில பல்கலைக்கழகங்களில் ஓராண்டை அதைக் கொண்டு சமாளித்திருக்கலாம். ஒரு டாலர் 90 ரூபாய் என்ற கணக்கில் அதே தொகை இன்று சுமார் 8,300 டாலர். ஒரு பருவத்துக் கட்டணத்துக்கே அது போதாது. கட்டணம் ஏறியது, ரூபாய் இறங்கியது, எல்லைக்கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஈடில்லாமல் கொடுக்கலாம் என்று வகுத்த விதி, யாரும் அதைத் திருத்தாமலேயே வெளிநாட்டுப் படிப்பு விஷயத்தில் செத்துப்போயிற்று. மத்திய அரசின் கல்விக்கடன் உத்தரவாத நிதியும் இதே ஏழரை லட்சத்தோடு நின்றுவிடுகிறது. 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் ஈடில்லாக் கடன் தருவது உண்மைதான். ஆனால் அது இந்தியாவிலுள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்.

உலகின் முதல்வரிசைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் சில பொதுத்துறை வங்கிகள் ஈடில்லாமலே பெரிய தொகை தருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டியலில் இடம் பிடிப்பவர்கள் சிலரே. மற்ற எல்லோருக்கும் வங்கி மேலாளரின் முதல் கேள்வி, 'கொலாட்டரல் என்ன கொடுப்பீங்க?' என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தயாராகும் கோப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மேலே கிரயப்பத்திரம் அல்லது செட்டில்மென்ட் பத்திரம். அதற்குக் கீழே தாய்ப்பத்திரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. சிலவற்றில் மடிப்பு விழுந்த இடம் கிழிந்து செலோ டேப் ஒட்டியிருக்கும். திருப்போரூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்த முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று. பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்பட வரைபடம். வீடாக இருந்தால் பிளான் அனுமதி, வரி ரசீது. பிறகு வங்கியின் பேனல் வக்கீல் கொடுக்கும் லீகல் ஒப்பீனியன், வேல்யூயர் கொடுக்கும் மதிப்பீட்டு அறிக்கை. வக்கீலுக்கும் வேல்யூயருக்கும் கொடுக்கும் கட்டணம் நம்முடையது. கடன் மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. எல்லாம் சரியென்றால் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து அந்த ஒப்படைப்பையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

இந்தக் கோப்பு மிக அதிகமாகச் சிக்கும் இடம் பாகப்பிரிவினை. கிராமத்தில் தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் முப்பது ஆண்டுகளாக உழுதிருப்பார்கள். வக்கீல் அதை ஏற்க மாட்டார். வாரிசுச் சான்று கேட்பார். சான்றில் அத்தைகள் பெயரும் வரும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் திருமணமாகாத மகள்களுக்கும், 2005-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திருத்தத்துக்குப் பிறகு எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கிவிட்டது. ஆகவே எல்லா அத்தைகளும் வந்து விடுதலைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் பங்கை விட்டுக்கொடுக்கும்படி ஓர் அத்தையைக் கேட்கிறோம். அவருடைய மகளும் அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடிப்பவளாக இருக்கலாம். பங்கைப் பணமாகக் கொடுத்துத் தீர்ப்பவர்கள் உண்டு. கொடுக்க முடியாமல் அந்த ஆண்டு இடத்தையே விட்டுவிட்டவர்களும் உண்டு. உரிமை பெண்களுக்கு வந்தது நியாயம். அந்த நியாயத்துக்கு ஏற்ற மாதிரி பத்திரங்களைச் சீர்செய்து தர அரசோ வங்கியோ முன்வராததால், ஒரு மாணவரின் பயணத் தேதி ஒரு குடும்பத்தின் ஐம்பது ஆண்டுக் கணக்கைத் தீர்க்கும் தேதியாக மாறிவிடுகிறது.

இந்தத் தடையைத் தாண்டினாலும் நிலத்தின் வகை காத்திருக்கிறது. வயல் நிலத்தை ஈடாக வாங்க வங்கிகள் தயங்குவதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. கடனைக் கட்டாதவரின் சொத்தை நீதிமன்றம் போகாமலே கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், அதன் 31-ஆவது பிரிவில் விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. உழவரைக் காக்க எழுதிய விலக்கு. அதன் விளைவாக நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் குடும்பத்தைவிடத் திருப்போரூர் பேரூராட்சிக்குள் ஒரு கிரவுண்டு வீட்டுமனை வைத்திருக்கும் குடும்பமே வங்கியின் கண்ணில் பெரிய ஆள். மனை என்றாலும் அங்கீகாரம் பெற்ற மனையாக இருக்க வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பதிவைத் தடுத்தது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. தொண்ணூறுகளில் இந்தச் சாலையோரம் வயலை அப்படியே கூறுபோட்டு விற்ற லேஅவுட்டுகளில் மனை வாங்கியவர்கள், வரன்முறை ஆணை இருந்தால் மட்டுமே வங்கிப் படியேற முடியும்.

கிழக்கே கடற்கரைக்குப் போனால் இன்னொரு நிலைமை. கோவளத்திலிருந்து நெம்மேலி, பட்டிபுலம், சாலவான்குப்பம், தேவனேரி என்று மாமல்லபுரம் வரை நீளும் மீனவக் குப்பங்களில் பல வீடுகளுக்குத் தனிப்பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள், ஆனால் நிலம் புறம்போக்காகவோ அறக்கட்டளைக்குச் சொந்தமாகவோ பதிவாகியிருக்கிறது. இந்தக் கரையில் ஆளவந்தார் நாயகர் அறக்கட்டளைக்கு மட்டும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. திருப்போரூரிலோ கந்தசுவாமி கோயில் நிலங்கள். அறக்கட்டளை நிலமும் கோயில் நிலமும் பொதுச் சொத்தாகக் காக்கப்பட வேண்டியவைதான். ஆனால் அவற்றின்மேல் வீடு கட்டி வாழும் குடும்பம் எவ்வளவு உறுதியான வீடு கட்டியிருந்தாலும், கல்விக்கடன் விண்ணப்பத்தில் 'ஈடு: இல்லை' என்றுதான் எழுத முடியும்.

எல்லாவற்றிலும் கனமான வரலாறு பஞ்சமி நிலத்துக்கு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலையை அந்த அறிக்கை ஆவணமாக்கியது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பஞ்சமி நிலம் எனப்பட்ட இந்த நிலத்தோடு நிபந்தனையும் வந்தது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. பிறகும் அதே சமூகத்தாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிபந்தனையின் நோக்கம் சரியானது. அது இல்லாதிருந்தால் முதல் பஞ்சத்திலேயே நிலம் கைமாறியிருக்கும். நிபந்தனை இருந்தும் ஏராளமான நிலம் கைமாறியது என்பது வேறு கதை. மாமல்லபுரம் வட்டாரத்துக் காரணையில் அப்படிப் போன பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். இந்த வட்டாரத்தில் நிலம் பற்றி எதை எழுதினாலும் அந்த இருவர் பெயரைச் சொல்லாமல் எழுத எனக்கு மனம் வராது.

இப்போது வங்கியின் பக்கமிருந்து பாருங்கள். பஞ்சமி நிலம் பழைய மாமல்லபுரம் சாலைக்கு அருகில் இருக்கலாம். பக்கத்து நிலத்துக்குக் கோடிக்கணக்கில் விலை இருக்கலாம். ஆனால் ஏலத்தில் யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடியாத சொத்தை வங்கி ஈடாக ஏற்பதில்லை. வேல்யூயர் அதற்கு மதிப்பீடே எழுத மாட்டார். ஆக, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மக்களைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு, கல்விக்கடன் ஈட்டைச் சார்ந்து நிற்கும் காலத்தில் அவர்களுடைய பிள்ளைகளை மட்டும் வாசலில் நிறுத்துகிறது. இதற்குத் தீர்வு நிபந்தனையை நீக்குவது என்று யாராவது சொன்னால் அது பெரிய ஆபத்து. நிபந்தனையை நீக்கினால் நிலம் போகும்; படிப்பும் எல்லோருக்கும் வந்துவிடாது.

ஈட்டைப் பார்த்தே படிக்க அனுப்புவது என்ற பழக்கம் எப்போதும் இருந்ததா? இல்லை. பஞ்சமி நில ஆணை வந்த அதே 1892-இல் பம்பாயில் ஜாம்ஷெட்ஜி டாடா ஜே.என். டாடா நிதியத்தைத் தொடங்கினார். வெளிநாட்டில் மேல்படிப்புக்குக் கடன் உதவித்தொகை தருவது அதன் வேலை. படித்து முடித்துச் சம்பாதித்தபின் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் அடுத்தவருக்குப் போகும். தொடக்கத்தில் அதன் உதவியால் போனவர்களில் பெண் மருத்துவர்களும் உண்டு. கேரளத்தில் ஓர் ஏழை தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் 1945-இல் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனது இந்த நிதியத்தால். அவர் வீட்டில் ஈடு வைக்கப் பத்திரம் எதுவும் இருந்திருக்காது. பிற்காலத்தில் அவர் குடியரசுத் தலைவரானார்.

நம் ஊர்க் கதை இதைவிடத் தெளிவு. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று கப்பலேறியபோது, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்திருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு விரிவுரையாற்ற வந்திருந்த நெவில், பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதிப் பல்கலைக்கழகத்தை இசைய வைத்தார். இங்கிலாந்து போனபின் டிரினிட்டி கல்லூரி ஆண்டுக்கு 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. 250-இல் 50 பவுண்டு கும்பகோணத்தில் இருந்த குடும்பத்துக்குப் போனது. இந்தக் கடைசிக் கணக்கைக் கவனிக்க வேண்டும். மேல்படிப்புக்குப் போகும் மூத்த பிள்ளையின் வருமானத்தை நம்பி ஒரு வீடு இங்கே இருக்கிறது என்பதை அந்த உதவித்தொகை புரிந்துவைத்திருந்தது. இன்றைய கல்விக்கடன் விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. 1919 ஜனவரியில், பல்கலைக்கழகம் மேலும் உதவித்தொகை அறிவித்தபோது, பெற்றோருக்கான 50 பவுண்டும் தன் செலவும் போக மீதியை ஏழை மாணவர்களின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பயன்படுத்தும்படி ராமானுஜன் டியூஸ்பரிக்கு எழுதினார். அவர் அப்போது நோயாளி.

அம்பேத்கரின் கதையில் இரண்டு வழிகளையும் பார்க்கலாம். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் மாதம் 11.50 பவுண்டு கொடுத்து அவரை மூன்றாண்டுகளுக்குக் கொலம்பியா அனுப்பினார். படித்தபின் பரோடா அரசில் பத்தாண்டு பணியாற்ற வேண்டும் என்று பத்திரம். 1920-இல் பாதியில் விட்ட லண்டன் படிப்பை முடிக்க அவர் மறுபடி கிளம்பியபோது சொந்தச் சேமிப்போடு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பாதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடனும் கைகொடுத்தன. அந்த நண்பர் ஈடு கேட்கவில்லை. அன்று இந்த மனிதர்களுக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகமோ ஒரு மன்னரோ ஒரு நிதியமோ நின்று, படிப்பு பயன்தராமல் போனால் வரும் நட்டத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டது. இன்று அந்த நட்டத்தைச் சுமப்பது அப்பாவின் பெயரில் இருக்கும் வீடு.

அரசின் உதவித்தொகைகள் இன்றும் இருக்கின்றன, குறைவாக இருக்கின்றன. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்கும் தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் ஆகியோருக்கு இந்தியா முழுவதற்கும் சேர்த்து 125 இடங்கள். அமெரிக்காவில் மட்டும் 2024-25-இல் 3,63,019 இந்திய மாணவர்கள் இருந்தார்கள் என்ற எண்ணோடு இதை வைத்துப் பாருங்கள். அந்த 125-க்கும் நிச்சயமில்லை. 2025-26-க்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் தற்காலிகக் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி கிடைப்பதைப் பொறுத்து என்று அமைச்சகம் சொன்னது 2025 ஜூலையில் பெரிய செய்தியானது. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் மாணவருக்கு ஜூலையில் அப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வார்?

இன்னொரு விதி என்னை மிகவும் உறுத்துகிறது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று 2022-இல் விதியைத் திருத்தினார்கள். இதன் பொருளை இந்த ஊரில் நின்று யோசியுங்கள். காரணையில் பிறந்த ஒரு பெண், தன் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் வரலாற்றை லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் மாகாண அரசின் கோப்புகளைக் கொண்டு முனைவர் ஆய்வாக எழுத விரும்பினால், அந்த ஆய்வுக்கு இந்தப் பணம் கிடைக்காது. ஈடு வைக்க நிலமும் இல்லை, நிலத்தைப் பற்றி ஆராயப் பணமும் இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் இந்த இடைவெளியில் கொஞ்சத்தை நிரப்புகிறது. அதை விரிவாக்குவதற்கு இடமும் காரணமும் நிறைய இருக்கின்றன.

உதவித்தொகையும் ஈடும் இல்லாதவர் தனியார் கல்விக்கடன் நிறுவனங்களை நாடுகிறார். அங்கே ஈடு இல்லாமல் கிடைக்கும், வட்டி கூடுதல். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 லட்சம் கடன், ஆறு மாதத்துக்கு 10 லட்சம் வீதம் நான்கு தவணையாக வாங்கியது, வட்டி 10.5 சதவீதம். முதல் 10 லட்சம் வாங்கி இரண்டரை ஆண்டில் தவணை தொடங்கினால், அதற்குள் தனிவட்டியே 7 லட்சத்து 35 ஆயிரம். 47 லட்சத்து 35 ஆயிரத்தைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 63,900 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 76 லட்சத்து 70 ஆயிரம். அமெரிக்காவில் டாலரில் சம்பளம் வாங்கினால் இது தாங்கும். ரூபாய் இறங்க இறங்கக் கடன் லேசாகும். அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்து சிறுசேரியில் ஆண்டுக்கு மூன்றரை, நாலு லட்சத்தில் புதிதாகச் சேர்ந்தால், மாதத் தவணை மாதச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு. அந்த நாளில் வங்கி தேடுவது கோ-அப்ளிகன்ட் என்று கையெழுத்துப் போட்ட அப்பாவை. ஓய்வு பெறும் வயதில் ஒரு பேருந்து ஓட்டுநரோ கூட்டுறவுச் சங்க எழுத்தரோ புதிதாகக் கடன்காரராகிறார்.

திரும்பி வர வேண்டியிருக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் படித்து முடித்தபின் ஓபிடி என்ற ஏற்பாட்டில் 12 மாதமும் அறிவியல், தொழில்நுட்பப் பிரிவினருக்கு மேலும் 24 மாதமும் வேலை செய்யலாம். கடனடைக்கும் கணக்கு முழுவதும் இந்த 36 மாதத்தை நம்பித்தான் போடப்படுகிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தார்கள். அங்கேயே படித்து விசா மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் அந்தச் சில வாரங்களில் எத்தனையோ வீடுகளில் தூக்கம் போயிருக்கும். பிரிட்டனும் படித்தபின் தங்கும் காலத்தை 2027 ஜனவரி முதல் 18 மாதமாகக் குறைக்கிறது. இந்தத் தயக்கம் கணக்கிலும் தெரிகிறது. ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, வெளிநாட்டுப் படிப்புக்காக இந்தியர்கள் அனுப்பிய பணம் 2021-22-இல் 517 கோடி டாலர். 2024-25-இல் அது 292 கோடியாகக் குறைந்துவிட்டது.

நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கன்சல்டன்சிகள் இதைச் சொல்வது குறைவு. அமெரிக்காவில் எம்.எஸ். படிப்புக்குத்தான் பெரும்பாலும் கைக்காசு. அறிவியல், பொறியியலில் நேரடியாகப் பிஎச்.டி.க்குச் சேர்பவர்களுக்குக் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ இடம் கொடுத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாந்திரத் தொகையும் தருவது அங்கே பரவலான வழக்கம். அதற்கு ஆய்வு அனுபவமும் பேராசிரியரின் அழுத்தமான பரிந்துரைக் கடிதமும் வேண்டும். காலவாக்கத்திலும் தையூரிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. இரண்டாமாண்டிலேயே அங்கே போய் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்ட மாணவருக்கு அந்தக் கடிதம் ஒரு கிரவுண்டு மனையைவிடப் பெரிய சொத்து. ஜெர்மனியையும் சேர்த்துக்கொள்ளலாம்; முடக்கக் கணக்குத் தொகை இன்றைய மதிப்பில் சுமார் பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம்தான். சிலருக்கு இந்த வழிகள் திறக்கும். எல்லோருக்கும் திறக்காது என்பதால் கடன் முறையைத் திருத்த வேண்டிய கடமை நீங்கிவிடவில்லை.

எப்படித் திருத்துவது? ஆஸ்திரேலியா 1989 முதல் தன் குடிமக்களின் பல்கலைக்கழகக் கட்டணத்தை, சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டியபின் வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வேலை இல்லாத ஆண்டில் தவணை இல்லை. நாட்டை விட்டுப் போனவர்களும் 2017 முதல் வெளிநாட்டு வருமானத்தைத் தெரிவித்துக் கட்ட வேண்டும். உள்நாட்டுப் படிப்புக்கான முறைதான் அது. ஆனால் கடனை வருமானத்தோடு கட்டலாம், வீட்டோடு கட்ட வேண்டியதில்லை என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திக் காட்டியிருக்கிறது. இந்தியா முழுவதற்கும் அப்படி ஒன்று வர நாளாகும். ஏழரை லட்சம் என்ற கோட்டை இன்றைய டாலர் மதிப்புக்கும் கட்டணத்துக்கும் ஏற்ப நகர்த்துவதற்கோ, உத்தரவாத நிதியின் எல்லையை அதோடு உயர்த்துவதற்கோ அவ்வளவு நாள் வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசால் இந்த ஆண்டே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பஞ்சமி நிலம் வைத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தால், அடமானம் வைக்க முடியாத அந்த நிலத்துக்குப் பதிலாக அரசே வங்கிக்கு உத்தரவாதக் கடிதம் கொடுக்கட்டும். எந்த சர்வே எண் பஞ்சமி நிலம் என்பது வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. கடன் வழங்கத் தாழ்த்தப்பட்டோருக்கான அரசு நிறுவனமான தாட்கோ இருக்கிறது. குப்பங்களில் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்களையும் கோயில், அறக்கட்டளை நிலத்தில் வாழ்பவர்களையும் இதே ஏற்பாட்டில் சேர்க்கலாம். நிலம் யாரிடமும் போகாது. வட்டாட்சியரின் சான்று, பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம், தாட்கோவின் உத்தரவாதம் என்ற மூன்று தாள்கள் வங்கிக்குப் போதும் என்று ஓர் அரசாணை வர வேண்டும். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் மாணவருக்கு ஐ-20 படிவத்துக்கும் விசா நேர்காணலுக்கும் நேரம் கிடைக்க வேண்டுமென்றால், அந்தக் கடிதம் ஏப்ரல் மாதத்துக்குள் கைக்கு வந்தாக வேண்டும் என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்.